21-இல் ஒன்று கூடுதல். மற்ற 22 ஜோடிக்கு என்ன வந்தது?

கேள்வி: காரிமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம். என் தம்பிக்கு நாலு வயது, டவுன் சிண்ட்ரோம். அவன் பிறந்தபோது அம்மாவுக்கு 39. அதற்கு முன்பு ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. தம்பிக்கு இதயத்தில் ஓட்டை இருந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. தைராய்டும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய ரிப்போர்ட்டில் '47, எக்ஸ்ஒய், +21' என்று போட்டிருக்கிறது, அதாவது 46-க்குப் பதில் 47 குரோமோசோம், 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல். 21-ஆம் குரோமோசோம் இருப்பதிலேயே சின்னது, அதில் இருநூற்றுச் சொச்சம் ஜீன்தான் என்று படித்தேன். நூற்றில் ஒரு பங்கு கூடியதற்கு உடம்பு முழுக்க ஏன் இத்தனை மாற்றம்? மற்ற குரோமோசோம்கள் சரியாகத்தானே இருக்கின்றன? அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். அதனால்தான் இப்படி ஆனது என்று ஊரில் சொல்கிறார்கள். பாட்டியோ ஃபுளோரைடு தண்ணீர்தான் காரணம் என்கிறார். எனக்கும் மாமன் மகனைப் பேசுகிறார்கள், பயமாக இருக்கிறது. ஜீனைச் சரிசெய்யும் பொடி என்று ஒன்று விற்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தர்மபுரியில் இத்தனை வருடம் குழந்தைகளைப் பார்க்கிறேன். "ஏன் வந்தது" என்று எல்லோரும் கேட்பார்கள். "வந்தது எப்படி வேலை செய்கிறது" என்று கேட்டவர்கள் குறைவு. அதனால் பொடி, கல்யாணம் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு இதற்கு முதலில் வருகிறேன்.

பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் இதே கேள்வியை ஒரு தாய் என்னிடம் கேட்டிருக்கிறார். "21-இல் உள்ள ஜீன்கள் மட்டும் ஒன்றரை மடங்கு வேலை செய்யும்மா, மற்றதெல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டேன். "அப்போ இதயம் அந்த 21-லதான் இருக்கா சார்?" என்று திருப்பிக் கேட்டார். பதில் இல்லை. ரவுண்ட்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவினேன். நான் சொன்னதில் முன்பாதி ஏறக்குறைய சரி, பின்பாதி தப்பு.

அந்த முன்பாதியைப் பார்ப்போம். குரோமோசோம் என்பது புத்தகம், அதில் உள்ள ஜீன் ஒரு செய்முறை என்றால், அந்தச் செய்முறையைப் படியெடுத்து ஆர்என்ஏ ஆக்குவதும், அதிலிருந்து புரதம் செய்வதும்தான் மரபணு வெளிப்பாடு. எல்லோருக்கும் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. தம்பிக்கு 21-இல் மட்டும் மூன்று. அதனால் அந்தக் குரோமோசோமின் ஆர்என்ஏ சராசரியாக ஒன்றரை மடங்கு வருகிறது. சராசரிதான். சில ஜீன்கள் தம்மைத் தாமே அடக்கிக்கொண்டு பழைய அளவிலேயே நிற்கும், சில ஒன்றரையையும் தாண்டும். மூளையில் ஒரு கணக்கு, ரத்தத்தில் இன்னொரு கணக்கு.

மற்ற 22 ஜோடியிலும் பிரதிகள் இரண்டிரண்டுதான். எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவற்றிலிருந்து வரும் ஆர்என்ஏ அளவை அளந்தால் அங்கேயும் மாற்றம் தெரிகிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான், ஆனால் பரவலாக. இதை அளப்பது சுலபமில்லை, ஏனென்றால் எந்த இரண்டு பேரை எடுத்தாலும் ஜீன் அளவு கொஞ்சம் வேறுபடத்தான் செய்யும். ஜெனீவாவில் ஒரு குழுவுக்கு அபூர்வமான ஒரு ஜோடி கிடைத்தது. ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையர், ஒருவருக்கு 21 மூன்று, மற்றவருக்கு இரண்டு. மற்றபடி டிஎன்ஏ அச்சு அசல் ஒன்று. இருவரின் செல்களையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்டார்கள். வித்தியாசம் எல்லாக் குரோமோசோம்களிலும் இருந்தது. அது குரோமோசோம் நெடுகப் பட்டை பட்டையாக ஒழுங்கோடு ஏறி இறங்குகிறது என்றும் எழுதினார்கள். அந்தப் 'பட்டை' விஷயத்தை வேறு சிலர் மறுத்தார்கள், அது இன்னும் சண்டையில்தான் இருக்கிறது. ஆனால் பாதிப்பு 21-ஐத் தாண்டிப் போகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்துவிட்டது.

சரி, ஏன் தாண்டுகிறது?

உங்கள் வீட்டில் ராகிக் களி கிண்டுவதைப் பார்த்திருப்பீர்கள், நீங்களே கிண்டவும் செய்வீர்கள். உலை கொதித்ததும் நொய் போட்டு, அது வெந்த பிறகு மாவைக் குவித்துக் கொட்டி, வேகவிட்டு, பிறகு கோலை நட்டு இழுத்துக் கிண்டுகிறோம். விருந்தாளி வந்தால் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு போடுகிறோம். உருண்டை நாலு கூடும், களி களியாகவே இருக்கும். தண்ணீரும் நொய்யும் அதே அளவில் இருக்க, மாவை மட்டும் ஒன்றரைப் பங்கு கொட்டிப் பாருங்கள். கட்டி தட்டும், உடைத்தால் நடுவில் வேகாத மாவு வெள்ளையாக நிற்கும், கிண்டுகிறவர் தோள் விட்டுப்போகும். தண்ணீரில் ஒரு சொட்டுகூட நாம் மாற்றவில்லை. ஆனாலும் தண்ணீர் போதவில்லை. 'மற்றவை சரியாகத்தானே இருக்கின்றன' என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. செல்லுக்கு முக்கியம் அளவு அல்ல, ஒன்றுக்கொன்று உள்ள விகிதம்.

அந்த ராகியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 36 குரோமோசோம், ஒன்பது ஒன்பதாக நாலு தொகுப்பு. நம்மிடம் இருப்பது இரண்டு தொகுப்பு. ராகிக்கு எல்லாமே இரட்டிப்பு ஆகியும் ஒன்றும் கெடவில்லை, மானாவாரியில் வறட்சியைத் தாங்கி நிற்கிறது. வாழைப்பழத்தில் பெரும்பாலான ரகங்கள் மூன்று தொகுப்பு. விதை வராது, பழம் நன்றாகத்தான் இருக்கிறது. முழுத் தொகுப்பு கூடினால் செடி தாங்குகிறது, ஒரே ஒரு குரோமோசோம் கூடினால் உருவமே மாறுகிறது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது ஊமத்தைச் செடி. நம் ரோட்டோரத்தில் நிற்கும் ஊமத்தைக்கு ஒன்றுவிட்ட உறவு. அமெரிக்காவில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லி 1910-களிலும் 20-களிலும் அதை ஆயிரக்கணக்கில் வளர்த்தார். அதற்கு 12 ஜோடிக் குரோமோசோம். எந்த ஜோடியில் ஒன்று கூடுகிறதோ அதற்கேற்ப முள்காயின் வடிவம் மாறியது. ஒன்றில் காய் உருண்டை, ஒன்றில் நீளம், ஒன்றில் முள் கட்டை. காயைக் கையில் வைத்தே எந்தக் குரோமோசோம் கூடுதல் என்று சொல்லிவிடலாம். உங்கள் தம்பியின் முகத்தைப் பார்த்ததும் செவிலியர் ஒருவர் சொல்லியிருப்பார், ரிப்போர்ட் வருவதற்கு முன்பே. இரண்டும் ஒரே விஷயம்தான். அடுத்த முறை வேலியோரம் ஊமத்தங்காய் பார்த்தால் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கையை வாயில் வைக்காதீர்கள்.

களி உதாரணம் பாதிக்கு மேல் போகாது. ஏனென்றால் எல்லா ஜீனும் மாவு, தண்ணீர் மாதிரிப் பொருள் அல்ல. சில ஜீன்கள் கோலைப் பிடித்திருப்பவர்கள். அவை செய்யும் புரதம் மற்ற ஜீன்களின் மேல் போய் உட்கார்ந்து, 'நீ ஓடு, நீ நில்' என்று சொல்லும். அந்த ஜீன் இருப்பது 21-இல், ஆனால் அதன் அதிகாரம் எல்லாக் குரோமோசோம்களிலும் செல்லும். 21-இல் இப்படிப்பட்டவை பல. ரன்எக்ஸ்1 ரத்த அணுக்களின் வளர்ச்சியை நடத்துகிறது. ஹெச்எம்ஜிஎன்1 என்ற ஒன்று, டிஎன்ஏ சுருட்டி வைத்திருக்கும் இறுக்கத்தையே தளர்த்துகிறது. இறுக்கம் தளர்ந்தால் எங்கெங்கோ உள்ள ஜீன்கள் படிக்கக் கிடைத்துவிடும்.

இன்னும் இரண்டு பேரை உங்கள் விலங்கியல் படிப்புக்காகச் சொல்கிறேன். டிஒய்ஆர்கே1ஏ, ஆர்சிஏஎன்1. இரண்டுமே 21-இல் இருப்பவை. என்ஃபாட் என்று ஒரு புரதக் கூட்டம் இருக்கிறது, செல்லின் உட்கருவுக்குள் போய் மற்ற ஜீன்களை ஓட வைப்பதுதான் அதன் வேலை. முதலாவது அதை வெளியே தள்ளுகிறது, இரண்டாவது உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்குதான். இரண்டும் ஒரே ஆளை ஒரே பக்கம் தள்ளும்போது ஒன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து பெரிதாகிவிடுகிறது. எலிகளில் என்ஃபாட் வேலை குறைந்தபோது முகத்திலும் இதயத்திலும் டவுன் சிண்ட்ரோமை நினைவுபடுத்தும் மாற்றங்கள் வந்தன, 2006-இல் அந்த ஆய்வு வந்தது. இதயம் அந்த 21-லதான் இருக்கா என்று கேட்ட அந்தத் தாய்க்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

தைராய்டு கதை வேறு. வைரஸ் வந்தால் செல்கள் இன்டர்ஃபெரான் என்று ஒரு அபாய மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்கும் 'காது'களில் நாலின் ஜீன்கள் 21-இல் வரிசையாக இருக்கின்றன. மூன்று பிரதி என்றால் காது கொஞ்சம் அதிகக் கூர்மை. மணி மெதுவாக அடித்தாலே செல் பதறுகிறது, வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்கும் எதிர்ப்புச் சக்தி ஜீன்கள் எப்போதும் கொஞ்சம் திறந்தபடியே கிடக்கின்றன. நம் எதிர்ப்புச் சக்தியே நம் தைராய்டைத் தாக்குவது இந்தக் குழந்தைகளில் அதிகம். அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

எல்லாமே அடுத்தவர் மூலம் நடப்பது என்றும் நினைக்க வேண்டாம். ஏபிபி என்ற ஜீன் 21-இல் இருக்கிறது. அது அதிகம் ஆனாலே அல்சைமர் என்ற மறதி நோய் சீக்கிரம் வரும். குரோமோசோம் முழுக்க இரண்டே இருந்து, அந்த ஒரு துண்டு மட்டும் கூடுதலாக உள்ள குடும்பங்களிலும் அப்படித்தான் நடக்கிறது. அதனால் தம்பி நாற்பதைத் தாண்டும்போது மறதியைக் கவனிக்க வேண்டியிருக்கும். இப்போது அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

இன்னொன்று. கூடுதலாகச் செய்த புரதம் சும்மா கிடக்காது. ஹீமோகுளோபின் மாதிரிப் பல புரதங்கள் கூட்டாளியோடு சேர்ந்துதான் வேலை செய்யும். கூட்டாளி இரண்டு பிரதிக் கணக்கில் வர, இது மூன்று பிரதிக் கணக்கில் வந்தால், மிச்சம் ஜோடியில்லாமல் நிற்கும். செல் அதைப் பிடித்து உடைக்க வேண்டும். ஏஞ்செலிகா ஏமனும் அவர் குழுவும் 2007-இல் ஈஸ்ட்டில் இதைப் பார்த்தார்கள். எந்தக் குரோமோசோமைக் கூட்டினாலும், அதில் என்ன ஜீன் இருந்தாலும், செல்கள் மெதுவாக வளர்ந்தன, ஒரே மாதிரித் திணறின. அதாவது பாதிப்பில் ஒரு பங்கு 21-க்கே உரியது, இன்னொரு பங்கு கூடுதல் சுமையால் வருவது.

அம்மாவுக்குக் கலைந்த அந்தக் கருவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கை மாறியிருக்கும். 16 கூடுதலாவது அதில் அடிக்கடி வருவது. அப்படிப்பட்ட கரு பிறப்பு வரை வருவதே இல்லை. உயிரோடு பிறப்பவை பெரும்பாலும் 13, 18, 21. ஏன் இந்த மூன்றும்? ஜீன்கள் குறைவாக உள்ளவை இவைதான். விகிதம் கெடுவதும் அந்த அளவுக்குக் குறைவு. எக்ஸ் குரோமோசோமில் ஜீன் நிறைய இருந்தும் ஒன்று கூடினால் தாங்குகிறதே என்று கேட்பீர்கள். பெண்களுக்கு இரண்டு எக்ஸ், ஆண்களுக்கு ஒன்று என்பதால் உடம்பு முன்பே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஒன்றைத் தவிர மற்ற எக்ஸைப் பெருமளவு மூடிவிடும். மேரி லையன் 1961-இல் சொன்னது இது. உங்கள் பாடத்திலேயே இருக்கும். 21-க்கு அப்படி மூடி கிடையாது.

ஒரு சின்ன விஷயம், பரீட்சைக்கு உதவும். பெரியதிலிருந்து சிறியது என்று எண் போட்டபோது 22-ஐக் கடைசியில் வைத்துவிட்டார்கள். உண்மையில் 21-தான் இருப்பதிலேயே சின்னது. நீங்கள் எழுதியது சரி.

இனி ஊர்ப் பேச்சு. சொந்தத்தில் கட்டியதால் இது வரவில்லை. கருமுட்டை உருவாகும்போது 21-ஆம் ஜோடி பிரியாமல் சேர்ந்தே போய்விடுவதுதான் பெரும்பாலும் காரணம். பத்தில் ஒன்பதுக்கு மேல் முட்டையில் நடப்பது, விந்தில் நடப்பது குறைவு. ஒரு பெண் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் பிரியத் தொடங்கிப் பாதியில் நிற்கின்றன. 39 வயதில் வெளிவரும் முட்டை 39 வருடத்துக்கு மேல் அப்படியே காத்திருந்தது. பிடித்திருக்கும் இழைகள் தளர்ந்துபோகும். 25 வயதில் சுமார் 1,250 பிரசவத்தில் ஒன்று, 35-இல் சுமார் 350-இல் ஒன்று, 40-இல் சுமார் 100-இல் ஒன்று. உங்கள் அம்மா எதையும் சாப்பிட்டதாலோ தூக்கியதாலோ கிரகணத்தில் வெளியே வந்ததாலோ இது நடக்கவில்லை. இதை அம்மாவிடம் தனியாக உட்கார வைத்து ஒருமுறை சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

பாட்டி தண்ணீரைக் குறை சொல்வதில் எனக்குச் சிரிப்பு வந்தது, உங்கள் அப்பா அம்மா சம்பந்தத்தைப் பேசி முடித்தவரே அவர்தானோ என்னவோ. நம் மாவட்டத்துப் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை, பல்லையும் எலும்பையும் அது கெடுப்பதும் உண்மை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் தம்பியின் 21-க்கும் அந்தத் தண்ணீருக்கும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை.

உங்களுக்கு வருமா? ரிப்போர்ட்டில் '+21' என்று தனியாக இருப்பதுதான் இங்கே முக்கியம். கூடுதல் 21 தனியாக நிற்கிறது என்று அர்த்தம். நூற்றில் 95 பேருக்கு இப்படித்தான். இது குடும்பத்தில் இறங்குவதில்லை. 14-ஆம் குரோமோசோமோடு 21 ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தால், அப்பா அம்மாவுக்கும் உங்களுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருப்பேன். இப்போது உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் வயதுப் பெண்களுக்கு உள்ள சாதாரண அளவுதான் உங்களுக்கும்.

மாமன் மகன் விஷயம் வேறு. சொந்தத்தில் கட்டும்போது வரும் ஆபத்து குரோமோசோம் எண்ணிக்கையால் அல்ல. ஒரே பழுதான ஜீன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வதால். தலசீமியா என்ற ரத்தச்சோகை நோய் மாதிரி. கட்டிக்கொள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் விருப்பம். உங்களுக்கே விருப்பமில்லை என்றால் தம்பியைக் காரணமாகக் காட்ட வேண்டாம், நேராகச் சொல்லிவிடுங்கள். விருப்பம் இருந்தால் இருவரும் தலசீமியாவுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, குடும்பத்தில் சின்ன வயதில் இறந்த குழந்தைகள், காது கேளாதவர்கள் யாராவது உண்டா என்று எழுதி எடுத்துக்கொண்டு ஒரு மரபியல் ஆலோசனைக்குப் போங்கள்.

பொடி வேண்டாம். உடம்பின் கோடிக்கணக்கான செல்களில் ஒவ்வொன்றிலும் கூடுதல் 21 இருக்கிறது, வயிற்றுக்குள் போகும் எதுவும் அதை எடுக்காது. 2013-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று, எக்ஸை மூடும் ஜீனை எடுத்து மூன்றாவது 21-இல் செருகி அதை மூடிக் காட்டியது. அற்புதமான வேலை. ஆனால் நடந்தது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில், குழந்தையில் அல்ல. இதை விளம்பரத்தில் போட்டுப் பொடி விற்பவர்கள் உண்டு. அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்குப் போகும் பஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கும், டவுன் சிண்ட்ரோம் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உண்டு. அங்கே பதிந்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் பதியுங்கள்.

கடைசியாகத் தைராய்டு. வருடத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், பார்க்க ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும். அதற்கு வெறும் வயிற்றோடு அழ அழக் கூட்டிப்போக வேண்டியதில்லை, காலையில் களியோ இட்லியோ கொடுத்துவிட்டே போகலாம். நடுவில் மலச்சிக்கல், தோல் வறட்சி, எப்போதும் தூங்கி வழிவது என்று ஏதாவது தெரிந்தால் வருடம் முடியும் வரை காத்திருக்காமல் அந்த வாரமே எடுத்துவிடுங்கள். 'இந்தப் பிள்ளைங்க கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும்' என்று யாராவது சொன்னால், டாக்டரே சொன்னாலும், ரிசல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.